உரை படிக்கத் தெரியாத தமிழ்ப் பட்டம்

அன்புள்ள ஐயா,

சென்னையில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகத் தமிழ் கற்பிக்கிறேன். எங்கள் துறையில் இளங்கலைப் பாடத்திட்டத்தைத் திருத்துகிறார்கள். நன்னூலையும் தொல்காப்பியத்தையும் முதன்மைப் பாடத்திலிருந்து எடுத்து விருப்பப் பாடமாக்கலாம், சங்கப் பாடல்களை எளிய உரைநடை வடிவத்தில் மட்டும் வைக்கலாம் என்று கருத்து எழுந்துள்ளது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகமே 2021இல் செவ்வியல் துறை மாணவர்களுக்குக் கிரேக்கமும் லத்தீனும் கட்டாயமில்லை என்று ஆக்கிவிட்டதை மேற்கோள் காட்டுகிறார்கள். எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். அவர்களுக்கு இலக்கணம் வராது. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்கும் வேலைக்கும் உதவும் தாள்களைக் கூட்டுவதே நல்லது என்று எனக்கும் தோன்றுகிறது. இதழியல், மொழிபெயர்ப்பு, கணினித்தமிழ் ஆகியவற்றில் எதைச் சேர்க்கலாம்? தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ச., சென்னை

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நான் இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குச் சற்று முன்பு, முதுகலைத் தமிழ் முடித்த ஒரு பெண் ஆய்வுக்குத் தலைப்புக் கேட்டு வந்திருந்தார். திருக்குறளுக்குப் பரிமேலழகர் எழுதிய உரையை எடுத்துக் கொடுத்து ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னேன். எங்கே நிறுத்துவது, எந்தச் சொல் எதைத் தழுவுகிறது என்று தெரியாமல் மூன்றாம் வரியிலேயே திணறிவிட்டார். கெட்டிக்காரப் பெண், எல்லாப் பருவத்திலும் முதல் வகுப்பு. ஐந்து ஆண்டுகளில் ஒருவர்கூட அவரை எதிரில் உட்காரவைத்து ஒரு பழைய உரையை உரக்கப் படிக்கச் சொன்னதில்லை. கண் கலங்கி அவர் எழுந்து போனதிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. இந்தப் பதிலில் கோபம் தென்பட்டால், அது உங்கள் ஒருவர்மேல் மட்டும் கொண்ட கோபம் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரின்ஸ்டனை மேற்கோள் காட்டுகிறவர்கள் அங்கே நடந்ததை முழுதாகச் சொல்ல வேண்டும். அந்தத் துறையில், கிரேக்கமோ லத்தீனோ இடைநிலை வரை தெரிந்தவர்களே சேரக்கூடிய ஒரு பிரிவு இருந்தது. அந்தப் பிரிவை எடுத்தார்கள். அதோடு, துறை மாணவர்கள் அம்மொழிகளில் ஒன்றைப் படித்தே தீர வேண்டும் என்ற நிபந்தனையையும் எடுத்தார்கள். மொழி வகுப்புகளை மூடவில்லை. ஆனால் பிரிவை எடுத்ததும் நிபந்தனையை எடுத்ததும் வேறு வேறு காரியங்கள். பள்ளியிலேயே லத்தீன் கற்கும் வசதி எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் அங்கே கிடைப்பதில்லை. ஆகவே அதை வாசலில் கேட்பது அநியாயம் என்று சொன்னால் நான் முழு மனத்தோடு ஒப்புக்கொள்வேன். ஆக்ஸ்ஃபோர்டில் 1920 வரை எந்தத் துறைக்கு வரும் மாணவரும் கிரேக்கம் தெரிந்துகொண்டு வர வேண்டியிருந்தது. அதை நீக்கினார்கள், நல்லதாயிற்று. பிற்காலத்தில் அதே பல்கலைக்கழகம், பள்ளியில் அம்மொழிகளைப் படிக்காதவர்களுக்கென்றே செவ்வியல் படிப்பில் தனி வழி ஒன்றை ஏற்படுத்தி, உள்ளே சேர்த்துக்கொண்ட பிறகு அரிச்சுவடியிலிருந்து கற்பித்தது. வாசலைத் திறந்துவைப்பதும், உள்ளே வந்தவரை ஒன்றும் கற்பிக்காமல் வெளியே அனுப்புவதும் ஒன்றாகுமா? முதலாவதைச் செய்ததற்காக பிரின்ஸ்டனைப் பாராட்டுகிறேன். இரண்டாவதில் அவர்கள் தவறினார்கள் என்றே நினைக்கிறேன். நம்மவர்கள் எடுத்துக்கொண்டிருப்பது அந்தத் தவற்றை மட்டும்தான். நம் கல்லூரிகளில் இளங்கலைத் தமிழுக்கு யாரும் நுழைவில் இலக்கணம் கேட்பதில்லையே, எந்த வாசலைத் திறக்கப் போகிறார்கள்?

இன்னொன்றும் இருக்கிறது. பிரின்ஸ்டனில் ஒரு பாடத்தை விருப்பப் பாடமாக்கினால், விரும்பும் மாணவர் நாலு பேராக இருந்தாலும் அதை நடத்த ஆசிரியரும் பணமும் உண்டு. இங்கே விருப்பப் பாடம் எப்படி நடக்கிறது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஏட்டில் இரண்டு மூன்று தாள்கள் இருக்கும். ஆள் பற்றாக்குறையால் துறை அவற்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும். வகுப்பு முழுவதும் அதையே எழுதும். மாணவரின் விருப்பம் அதில் எங்கும் வருவதில்லை. இலக்கணம் விருப்பப் பாடமான இரண்டு மூன்று ஆண்டுகளில் அதை நடத்தத் தெரிந்த கடைசி ஆசிரியர் ஓய்வு பெறுவார். அந்த இடத்துக்கு அந்தப் புலமையோடு இன்னொருவரைத் தேட வேண்டிய அவசியமே பிறகு இருக்காது.

இனி உங்களைக் கண்டிக்க வேண்டிய இடத்துக்கு வருகிறேன். ‘அவர்களுக்கு இலக்கணம் வராது’ என்று எழுதியிருக்கிறீர்கள். இதை எந்த மாணவரிடமாவது முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள், உங்கள் கடிதத்தில் அவர்கள்மேல் உள்ள பரிவு தெரிகிறது. அந்தப் பரிவுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. சுவடியாக இருந்தவரை இந்த நூல்கள் மடங்களிலும் சில வீடுகளிலும் முடங்கிக் கிடந்தன. அச்சு வந்து, பொதுக் கல்லூரிகள் வந்து, யார் வேண்டுமானாலும் தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்குச் சேனாவரையர் எழுதிய உரையைப் பிரித்துப் படிக்கலாம் என்ற நிலை ஏற்பட்டு நெடுங்காலம் ஆகிவிடவில்லை. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகள் தமிழ்த் துறை பெஞ்சில் வந்து உட்காரும் காலத்தில், ‘இது உனக்குக் கடினம், வேண்டாம்’ என்று நூலை எடுத்து அலமாரியில் வைப்பவர், முன்பு அதைப் பூட்டி வைத்தவரிடமிருந்து எந்த வகையில் வேறுபடுகிறார்? பரிவோடு பறித்தாலும் பறித்ததுதான்.

எனக்குக் குறுந்தொகை கற்பித்த ஆசிரியர் திருவல்லிக்கேணியில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தார். கல்லூரி முடிந்த மாலைகளில் நாலைந்து பேர் அங்கே போவோம். பாட்டுக்கு அவர் பொருள் சொல்ல மாட்டார். ஒருவரை வாசிக்கச் சொல்லிவிட்டுக் கேள்வி மட்டும் கேட்பார். ஒருநாள் கபிலரின் இருபத்தைந்தாம் பாட்டு. தலைவனைத் தவிர அந்த இடத்தில் யாரும் இல்லை, அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்று தொடங்கும் தலைவி, ‘தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால ஒழுகுநீர் ஆரல் பார்க்கும் குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே’ என்று முடிக்கிற பாட்டு. ‘கால’, அதாவது கால்களை உடைய, என்று நிற்கிறதே, அது எந்தப் பெயரைக் கொண்டு முடிகிறது என்று கேட்டார். நான் கையிலிருந்த குறிப்பைப் பார்த்தேன். ‘அங்கே ஒரு குருகு இருந்தது. அதன் கால்கள் தினைத்தாள் போன்றவை. அது மீனுக்காகக் காத்திருந்தது’ என்று மூன்று துண்டாக அதில் எழுதியிருந்தது. செங்குன்றம் ஏரிக்கரைப் பக்கத்திலிருந்து வரும் நண்பன் ஒருவன் எங்களோடு படித்தான். அவன் வீட்டில் பள்ளியைத் தாண்டியவர் எவரும் இல்லை. அவன்தான், கடைசி அடியில் வருகிற குருகைக் கொண்டு முடிகிறது என்று சொன்னான். பறவையை ஏன் அவ்வளவு தள்ளி வைத்தார் என்று ஆசிரியர் விடாமல் கேட்டார். அவன் சற்று நேரம் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, ‘அவள் குனிந்த தலையோடு நின்றிருக்கிறாள், ஐயா. முதலில் கால் தெரிகிறது, அப்புறம் தண்ணீரும் மீனும், கடைசியில்தான் கொக்கு தெரிகிறது’ என்றான்.

ஆசிரியர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய் அவனுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தார். ஏரியில் கொக்கையும் ஆரலையும் பார்த்து வளர்ந்த கண் அவனுக்கு இருந்தது என்பது உண்மை. ஆனால் ‘கால’ என்பது எங்கே போய் முடிகிறது என்று தேடத் தெரியாமல் இருந்திருந்தால், அந்தக் கண்ணுக்கு அங்கே வேலையே இருந்திருக்காது. உரைநடைச் சுருக்கத்தை மட்டும் அவன் கையில் கொடுத்திருந்தால் தலைவியின் குனிந்த தலையை அவனும் கண்டிருக்க மாட்டான், நானும் கண்டிருக்க மாட்டேன்.

நூற்பாவை நெட்டுருப் போடுவதை நான் இலக்கணம் என்று சொல்லவில்லை. குற்றியலுகரம் எத்தனை வகை என்று எழுதி ஐந்து மதிப்பெண் வாங்கிவிட்டு மறந்துபோவதைத் தாராளமாக எடுத்துவிடுங்கள், நான் உங்கள் பக்கம் நிற்கிறேன். தொல்காப்பியத்தின் 27 இயல்களையும் இளங்கலையில் தொட வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் உரை படிப்பதை விட்டுவிடாதீர்கள். முன்னோர் உரையைச் சேனாவரையர் ஏற்காத இடத்தில், அந்த முன்னோர் சொன்னதை முதலில் எடுத்துச் சொல்லி, ‘எனின்’ என்று நிறுத்தி, ‘அற்றன்று’ என்று மறுத்து, அதற்குக் காரணமும் காட்டுகிறார். அந்தப் பக்கத்தையும் அவர் மறுக்கும் இளம்பூரணர் பக்கத்தையும் அருகருகே வைத்துப் படித்து, யார் சொல்வது சரி என்று தானே முடிவுசெய்யும் மாணவி எதிர்க்கட்சிக்காரர் சொன்னதைத் திரிக்காமல் சொல்லவும், பிறகு அதை மறுக்கவும் பழகுகிறாள். நீங்கள் சேர்க்க நினைக்கும் இதழியலுக்கு இதைவிட வேறென்ன பயிற்சி வேண்டும்?

பெசன்ட் நகரில் உ.வே.சா. நூல்நிலையம் இருக்கிறது, உங்கள் மாணவர்களை ஒருநாள் அழைத்துப் போங்கள். புள்ளியிடாத எழுத்தில், சொல் பிரியாமல், அடி பிரியாமல் ஓடும் ஓலையைக் கண்ணால் பார்க்கட்டும். அங்கே ‘ஒ’வா ‘ஓ’வா, மெய்யா உயிர்மெய்யா என்று முடிவுசெய்வதற்கு யாப்பும் புணர்ச்சியும் தெரிந்த ஒரு மனிதர் வேண்டும். ஓலையைப் படம் பிடித்துக் கணினியில் ஏற்றிவிடலாம், ஆனால் படிக்க ஆள் வேண்டுமே! மதராஸ் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவரான சி.வை. தாமோதரம் பிள்ளை, ஆங்கிலக் கல்வி கற்று அரசுப் பணி பார்த்தவர். அவர்தான் 1868இல் சேனாவரையத்தையும் 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்தார். அதே பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்திலிருந்து தமிழை எடுத்துவிடும் முயற்சி எழுந்தபோது கிறித்தவக் கல்லூரியில் தமிழ் கற்பித்த பரிதிமாற் கலைஞர் எதிர்த்து நின்றார். 1903இல், 33 வயதில் அவர் இறந்துவிட்டார். தமிழ் செம்மொழி என்று அவர் வாதிட்டு நூறு ஆண்டு கழித்து, 2004இல், அரசு அதை அறிவித்தது. அந்த அறிவிப்புக்குப் பிறகு இளங்கலையிலிருந்து இலக்கணத்தை எடுப்பது பற்றி நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் குழுவில் நீங்கள் வைக்க வேண்டிய கோரிக்கை ஒன்றே ஒன்று. எந்தத் தாளைச் சேர்த்தாலும், எதை நீக்கினாலும், மூன்றாம் ஆண்டு முடிவில் ஒவ்வொரு மாணவருக்கும் வகுப்பில் நடத்தாத ஒரு பழம்பாட்டைப் பழைய உரையோடு கொடுக்க வேண்டும். அவர் அதை உரக்க வாசித்து, எது எதைக் கொண்டு முடிகிறது என்று காட்டி, உரைகாரரோடு தாம் எங்கே உடன்படுகிறார், எங்கே உடன்படவில்லை என்று சொல்ல வேண்டும். அகமதிப்பீட்டு மதிப்பெண்ணில் பெரும்பகுதியை இதற்கே ஒதுக்குங்கள். முதலாண்டில் நன்னூலின் சுருக்கமான உரையாகிய காண்டிகையுரையில் கொஞ்சம், இரண்டாமாண்டில் குறுந்தொகைக்கு 1937இல் உ.வே.சா. எழுதிய உரை, மூன்றாமாண்டில் பரிமேலழகரும் சேனாவரையரும் என்று ஏற்றிக்கொண்டு போனால், வாரம் இரண்டு மணி நேர வாசிப்பில் அந்த இடத்துக்கு அவர்கள் வந்துசேர்வார்கள். அறுபது பேர் வகுப்பில் இது எப்படி முடியும் என்று கேட்பீர்கள். பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, நன்றாக வாசிப்பவரை ஒவ்வொரு குழுவுக்கும் முன்னே வையுங்கள்.

நெட் தேர்வைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அதன் தமிழ்த் தாளிலேயே இலக்கணம் இருக்கிறது. நீங்கள் கேட்ட மூன்றில் மொழிபெயர்ப்பைச் சேருங்கள். மற்ற இரண்டையும் பட்டயப் படிப்பாக வைத்துக்கொள்ளலாம்.

கௌரவ விரிவுரையாளரின் நிலைமை எனக்குத் தெரியும். ஆண்டுதோறும் பணி நீட்டிப்புக்குக் காத்திருக்கும் ஒருவர் கூட்டத்தில் எழுந்து மறுத்துப் பேசுவது எளிதில்லை. அப்படிப் பேசித்தான் ஆக வேண்டும் என்று உங்களை வற்புறுத்த எனக்கு உரிமையும் இல்லை. உங்கள் துறையில் நிரந்தரப் பணியில் இருக்கும் மூத்த ஆசிரியர் ஒருவராவது இதை ஏற்பார். அவரிடம் முதலில் பேசுங்கள். கோரிக்கையை ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி, அவர் கையொப்பத்தோடு கூட்டத்துக்கு முன்பே துறைத் தலைவரிடம் கொடுத்துவிடுங்கள். வாய்ப்பேச்சாக விட்டால் நடவடிக்கைக் குறிப்பில் அது ஏறாது.