மொட்டைமாடியில் நிற்பவருக்கு என்ன கூலி?

அன்புள்ள ஐயா,

பெருங்குடியில் கட்டடங்களின் கண்ணாடிகளைத் துடைக்கும் சிறு தொழில் நடத்துகிறேன். ஆறு பேர் வேலை செய்கிறார்கள். கயிற்றில் இறங்கும் நால்வருக்குச் சதுர அடிக்கு ஒன்றரை ரூபாய். மொட்டைமாடியில் நின்று கயிற்றைப் பார்த்துக்கொள்ளும் இருவருக்கு நாளுக்கு 500 ரூபாய். மழை பெய்தால் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. வைப்பர் ரப்பரை அடிக்கடி வீணாக்குவதால் அதற்குக் கூலியில் பிடித்துக்கொள்கிறேன். வாடிக்கையாளரிடம் சதுர அடிக்கு ஐந்து ரூபாய் வாங்குகிறேன். சதுர அடிக் கணக்கு நியாயமா, மாதச் சம்பளம் நியாயமா? தீபாவளிக்கு அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு பசங்க வேறு இடம் போய்விடுகிறார்கள். அதற்கு என்ன வழி?

கே.

அன்புள்ள கே.,

மொட்டைமாடியில் நிற்கும் அந்த இருவரைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த வரியைத் தாண்டி நெடுநேரம் என்னால் படிக்க முடியவில்லை. சில வாரங்களாக என் அப்பாவின் பழைய கணக்கு நோட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். அவர் மதுரையில் வெள்ளையடிக்கும் வேலை செய்தவர். வேலை முடிந்த வீட்டை மேஸ்திரி டேப் பிடித்து அளந்து, சுவரின் பரப்பிலிருந்து சன்னலையும் கதவையும் கழித்து, மிச்சத்துக்குத்தான் கூலி கொடுப்பார். நோட்டின் பக்கங்களில் 'ச.க.' என்று திரும்பத் திரும்ப வருகிறது. சன்னல் கழிவு என்று பொருள்.

ஆனால் ஓர் அறையில் அதிக நேரம் பிடிப்பது அந்தச் சன்னல்தான். சட்டத்தின் ஓரம் கெடாமல் சின்ன மட்டையால் இழுக்க வேண்டும்; கண்ணாடியில் தெறித்த சுண்ணாம்பைச் சுரண்ட வேண்டும். அப்பா பாதி பிளேடை விரலிடுக்கில் பிடித்துப் புள்ளி புள்ளியாகச் சுரண்டுவார். சுண்ணாம்பில் வெந்த விரல்நுனிகள் வெளுத்துத் தோலுரிந்திருக்கும். பள்ளி விடுமுறையில் நான் ஈரத்துணியோடு பக்கத்தில் நின்று, அவர் சுரண்டிய இடத்தைத் துடைத்துக்கொண்டே வருவேன். அந்த ஒரு மணி நேரத்துக்கு அவருக்கு ஒரு பைசா கிடைத்ததில்லை, ஏனென்றால் டேப்பின் கணக்கில் அங்கே சுவரே கிடையாது.

உங்கள் மொட்டைமாடியிலும் அதேதான் நடக்கிறது. கயிறு கட்டிய இடத்தை விட்டு அகலாமல், கைப்பிடிச் சுவரின் விளிம்பில் கயிறு உரசுகிறதா என்று பார்த்துக்கொண்டு, கீழேயிருந்து வரும் குரலுக்குக் காது கொடுத்து நிற்பவர் ஒரு சதுர அடியும் துடைப்பதில்லை. அவர் தூங்கினால் கீழே தொங்குபவரின் உயிர் இல்லை. கீழே இருப்பவர் 800 சதுர அடி துடைத்து 1,200 ரூபாய் வாங்கும் நாளில் இவருக்கு 500 ரூபாய் என்றால், அந்த இடத்தில் நிற்க யார் விரும்புவார்? வேலை தெரியாதவரையும் உடம்பு சரியில்லாதவரையும்தான் மேலே ஏற்றுவீர்கள். கீழே இருப்பவரோ அடியை எண்ணி அவசரப்படுவார். ஆளைக் கயிற்றில் தொங்கவிடும் தொழிலில் அவசரத்துக்குக் கூலி கொடுக்கக் கூடாது, கே.

வெயில் ஏறிய கண்ணாடியில் சோப்புத் தண்ணீர் துடைப்பதற்கு முன்பே காய்ந்து திட்டாகிவிடும் என்பதால்தான் காலையில் மேற்குப் பக்கமும் மாலையில் கிழக்குப் பக்கமும் துடைக்கிறார்கள். நடுவில் நிழலுக்காகக் காத்திருப்பதும், காவலாளியிடம் கேட் பாஸுக்கு நிற்பதும், உப்பு நீர் வேண்டாமென்று நல்ல தண்ணீரைக் கேனில் சுமந்து ஏற்றுவதும் வேலைதான். அவை எதையும் டேப் அளக்காது.

உங்கள் எண்களை வைத்தே கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறு பேருக்கும் மாதம் 26 நாளுக்கு, மழையானாலும் வெயிலானாலும், நாளுக்கு 800 ரூபாய். கயிறு இறங்கும் நாளில், மேலே நிற்பவர் உட்பட எல்லாருக்கும் கூடுதலாக 200 ரூபாய். வடகிழக்குப் பருவமழையின் மூன்று மாதங்களில் மாதத்துக்கு 11 நாளும் மற்ற மாதங்களில் 18 நாளும் கயிறு இறங்குகிறது, அந்த நாள்களில் நால்வரும் ஆளுக்கு 800 சதுர அடி துடைக்கிறார்கள் என்று வையுங்கள். இப்போது நீங்கள் கொடுப்பதைவிட ஆண்டுக்கு ஆறு லட்சம் ரூபாய் அதிகமாகும். சதுர அடிக்கு ஒரு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ஐந்து ரூபாய் வாங்கும் உங்களிடமிருந்து இன்று கூலியாகப் போவது இரண்டு ரூபாய்கூட இல்லை. வாடிக்கையாளரிடம் ஐம்பது பைசா கூட்டிக் கேளுங்கள், மீதியை உங்கள் பங்கிலிருந்து எடுங்கள். தாங்காது என்று எழுதாதீர்கள். மழைக்காலத்தில் அந்த ஆறு குடும்பங்கள் தாங்கிக்கொண்டிருப்பது இந்தப் பணத்தைத்தான்.

ரப்பருக்குப் பிடிப்பதைப் படித்தபோது கோபம் வந்தது. ரப்பர் தேயத்தான் செய்யும். கூலியில் பிடித்தால் விளிம்பு கிழிந்த ரப்பரையே வைத்துத் துடைப்பார்கள், கண்ணாடியில் கோடு விழும், வாடிக்கையாளர் திரும்பக் கூப்பிடுவார், அந்த இரண்டாம் முறை வேலைக்கும் நீங்கள் கூலி தரமாட்டீர்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பும், தொழிலாளியின் அலட்சியத்தால் நேர்ந்த சேதத்துக்குத்தான் பிடித்தம் செய்ய அனுமதிக்கிறது. தேய்மானம் அலட்சியம் ஆகாது.

பத்துப் பேருக்குக் குறைவாக இருப்பதால் இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீடு உங்களுக்குக் கட்டாயமில்லை என்று நிம்மதியாக இருக்கிறீர்களா? அப்படியானால் வேலையில் ஒருவர் விழுந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு முழுவதும் உங்கள் தலையில்தான். ஆறு பேரின் பெயரிலும் விபத்துக் காப்பீடு எடுங்கள், இந்த வாரமே.

தீபாவளி அட்வான்ஸைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றுமில்லை. மழை மாதத்தில் அடுப்பெரியும் வீட்டிலிருந்து எவரும் அவ்வளவு எளிதாக வேறு இடம் தேடிப் போவதில்லை. அவர்களைப் 'பசங்க' என்று எழுதுவதையும் விட்டுவிடுங்கள். அறுபது அடி உயரத்தில் கயிற்றில் தொங்கி உழைப்பவர்கள் அவர்கள்.

வரும் சம்பள நாளில், இதுவரை ரப்பருக்குப் பிடித்த தொகையைக் கூட்டி அவரவர் கையில் கொடுங்கள். மேலே நிற்கும் இருவரிலிருந்து தொடங்குங்கள்.

அன்புடன்.