யூக்ளினாவும் காளானும் உறவா?

கேள்வி: குட்டைநீரில் நீந்தும் ஒற்றைச்செல் உயிரான யூக்ளினா, காளான் இரண்டுமே செடியும் இல்லை, விலங்கும் இல்லை என்கிறார்கள். அப்படியானால் இரண்டும் நெருங்கிய உறவா?

பதில்: இல்லை. பிர்ச் மரத்தடியில் முளைக்கும் சிவப்புக் குடைக்காளான் அமானிடா மஸ்காரியாவுக்கு யூக்ளினாவைவிட நாம்தான் நெருங்கிய சொந்தம்! இதற்குச் சாட்சி கசையிழை, அதாவது செல் நீந்த உதவும் சாட்டை போன்ற இழை. யூக்ளினாவுக்கு அது முன்பக்கம் இருந்து உடலை இழுக்கிறது. பூஞ்சைகளில் கைட்ரிட் என்ற பழைய கிளையின் நீந்தும் வித்துகளுக்கோ, மனித விந்தணுவைப் போலவே, பின்னாலிருந்து தள்ளுகிறது. குடைக்காளான்கள் கசையிழையை அடியோடு இழந்துவிட்டன.

காளான் செல்லுக்குக் கைட்டின் என்ற உறுதியான பொருளாலான சுவர் உண்டு. உணவுச் சேமிப்பு, நம் ஈரலைப் போல, கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சங்கிலி. யூக்ளினாவுக்குச் சுவரே கிடையாது, சவ்வுக்கு அடியில் புரதப் பட்டைகள்தான். அதனால்தான் நெளிகிறது. ஒளிச்சேர்க்கை செய்யும் அதன் பசுங்கணிகம், அது விழுங்கிய பச்சைப்பாசியிலிருந்து வந்தது. அதைச் சூழ்ந்த மூன்று சவ்வுகள் அதற்கு அடையாளம். சேமிப்பு, செடிகளின் மாவுச்சத்து அல்ல, பாராமைலான் என்ற வேறொரு பொருள். அதனால் அயோடின் விட்டால் மாவுச்சத்தைப் போல நீலமாகாது, மாணவர்கள் பலர் இங்கேதான் குழம்புகிறார்கள்.

நேரில் பார்க்க, பச்சையான குட்டைநீர் ஒரு துளி, 400 மடங்கு உருப்பெருக்கம் போதும். ஓடித் தப்பினால், வேகத்தைக் குறைக்க மெத்தில் செல்லுலோஸ் என்ற பிசுபிசுப்பான கரைசல் ஒரு துளி சேர்த்துவிடுங்கள். காளானின் வித்துகளைப் பார்க்க, காம்பை வெட்டி, குடையின் அடியிலுள்ள செவுள் மடிப்புகள் கீழே இருக்கும்படி கறுப்புத் தாளில் வைத்து, டம்ளரால் மூடி ஓர் இரவு விடுங்கள். அமானிடாவின் வித்துகள் வெள்ளை, வெள்ளைத் தாளில் தெரியாது. இது நச்சுக்காளான், தொட்ட கையைக் கழுவிவிடுங்கள்.