விதியும் ஒரு ஸ்பேனரும் – கடிதம்

வணக்கம் ஐயா,

என் மகன் கோ-கார்ட் என்கிற குட்டிக் கார் பந்தயத்தில் சேர வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். மனைவிக்குப் பயம். கிரிக்கெட்டிலும் குத்துச்சண்டையிலும்கூடத்தான் சாகிறார்கள், விதி முடிந்தால் எங்கிருந்தாலும் போகும் என்கிறேன் நான். உண்மையில் எந்த விளையாட்டு அதிக ஆபத்தானது?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எது அதிக ஆபத்து என்று வரிசை போடுவது வெட்டி வேலை. குத்துச்சண்டையில் எதிராளியின் மண்டையைக் கலங்கடித்தால் வெற்றி. கார் பந்தயத்தில் மோதினால் அது பிழை. எனக்கு இந்த வித்தியாசம் போதும்.

என்னை உறுத்தியது அந்த 'விதி'. கொஞ்ச நாளாக அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

1966, பெல்ஜியத்தின் ஸ்பா பந்தயத் தடம். மழையில் பந்தய ஓட்டுநர் ஜாக்கி ஸ்டூவர்ட்டின் கார் தடம் விலகி நொறுங்கியது. அவரால் வெளியே வர முடியவில்லை, உடம்பெல்லாம் பெட்ரோல். ஒரு பொறி போதும். ஓடி வந்தவர்கள் சக ஓட்டுநர்கள் கிரஹாம் ஹில்லும் பாப் பாண்டுரன்ட்டும். ஸ்டீயரிங்கைக் கழற்ற வேண்டும், ஸ்பேனர் இல்லை. வேடிக்கை பார்க்க வந்த ஒருவரிடம் இரவல் வாங்கினார்கள். ஃபார்முலா ஒன் பந்தயத்தில், ஐயா! வேடிக்கை பார்க்க வந்தவரிடம்!

அப்புறம் ஸ்டூவர்ட் தன் காரிலேயே ஒரு ஸ்பேனரை ஒட்டி வைத்துக்கொண்டார். நல்ல தடுப்புகள் வேண்டும், தகுந்த மருத்துவர்கள் வேண்டும், சீட் பெல்ட் வேண்டும் என்று வருடக்கணக்கில் மல்லுக்கட்டினார். கோழை என்றார்கள். அன்று அவர் செத்திருந்தால் அதே வாய்கள் 'விதி' என்றிருக்கும். ஸ்பேனர் கொண்டுவராததற்கு விதி என்று பெயர் வைப்பது எவ்வளவு சௌகரியம்!

கிரிக்கெட்டைச் சொன்னீர்கள். 2014-இல் பந்து பட்டு இறந்துபோன ஆஸ்திரேலிய ஆட்டக்காரர் ஃபிலிப் ஹியூஸை அது தாக்கியது ஹெல்மெட் மறைக்காத கழுத்தில். அதையும் விதி என்பீர்களா?

சரி, நான் மட்டும் யோக்கியமா? 2018-இல் ஓட்டுநரின் தலைக்கு மேல் ஹேலோ என்ற டைட்டானியம் வளையத்தைக் கட்டாயமாக்கியபோது, ரப்பர் செருப்பின் வார் போல இருக்கிறது என்று நண்பர்களோடு சேர்ந்து கேலி செய்தவன் நான். 2020 நவம்பரில் பஹ்ரைன் பந்தயத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் சுற்றிலேயே ரொமான் குரோஜான் என்ற ஓட்டுநரின் கார் தடுப்புவேலியைப் பிளந்து நுழைந்து இரண்டாக உடைந்தது. நெருப்பு. ஏறத்தாழ 28 விநாடிகள். எனக்கு உட்கார முடியவில்லை. கையில் தீக்காயங்களோடு அந்த மனிதர் நெருப்பிலிருந்து வேலியைத் தாண்டி வந்தார். ஹேலோதான் தலையைக் காப்பாற்றியது. அவரும் முன்பு அதை எதிர்த்தவர்தான். கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, மறைப்பானேன்.

உங்கள் மனைவியின் பயத்தைக் கேலி செய்யாதீர்கள். வீட்டில் சரியாக யோசிப்பவர் அவர்தான். மகனைத் தடுக்கவும் வேண்டாம். முதல் நாள் நீங்களும் கூடப் போங்கள். கார் எவ்வளவு வேகம் போகும் என்று விசாரிக்காமல், தீயணைப்பான் எங்கே இருக்கிறது, அதை எடுக்கப்போவது யார் என்று கேளுங்கள். பதில் வரும்வரை அங்கிருந்து நகராதீர்கள்.