பேய்ப் படமும் இரண்டாம் பாகமும்: கேள்வி பதில்

இந்த வாரம் பதில் சொல்ல வேண்டியது என் முறை. எனக்குத் தெரிந்தது ஹாலிவுட் பேய்ப் படங்கள், கொஞ்சம் ஜப்பான். பழைய நல்ல பேய்ப் படங்களுக்கு அடுத்த பாகம் எடுத்தால் ஏன் பெரும்பாலும் கவிழ்கிறது என்பதுதான் பேச்சு. முடிவுகளைச் சொல்லிவிடுவேன், படம் பார்க்காதவர்கள் உஷார். தமிழ்ப் பேய்ப் படங்களைப் பற்றி என்னிடம் கேட்க வேண்டாம், அது என் பாடம் இல்லை.

இரவுக்காட்சி: அக்கா, முதல் பாகம் பார்த்து இரண்டு நாள் தூக்கம் போச்சு. இரண்டாம் பாகத்தில் கொட்டாவி வந்தது. 'ஹாலோவீன்' பற்றித்தான் சொல்கிறேன். ஏன் இப்படி?

பதில்: நல்ல உதாரணம் எடுத்தீர்கள். ஜான் கார்பென்டரின் 'ஹாலோவீன்' 1978இல் வந்தது. அதில் ஒரு காட்சி. பட்டப்பகல். கதாநாயகி லோரி தன் அறை ஜன்னலில் நின்று கீழே பார்க்கிறாள். கொடியில் துணி காய்கிறது. துணிகளுக்கு நடுவே வெள்ளை முகமூடி போட்ட ஒருவன் நின்று இவளையே பார்க்கிறான். மறுபடி பார்த்தால் ஆளைக் காணோம். கத்தி இல்லை, ரத்தம் இல்லை. அவன் ஏன் இவளைத் தொடர்கிறான் என்று படம் கடைசிவரை சொல்வதில்லை. அன்று காலை அவனுடைய பழைய வீட்டு வாசலுக்கு அவள் வந்தாள், அவ்வளவுதான் நமக்குத் தெரியும்.

முடிவில், அவனுக்கு வைத்தியம் பார்த்த மனநல டாக்டர் லூமிஸ் அவனைச் சுடுகிறார். மாடியிலிருந்து விழுகிறான். எட்டிப் பார்த்தால் புல்தரையில் உடல் இல்லை. அப்புறம் அவன் நடமாடிய இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டுகிறார்கள். கூடம், மாடிப்படி, வீட்டு முகப்பு. எல்லாம் காலி. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கிறது. தூக்கம் போனதற்குக் காரணம் அந்த ஒரு நிமிடம்தான்.

1981இல் வந்த இரண்டாம் பாகம் அதே இரவில் தொடங்குகிறது. இன்னொரு ஒன்றரை மணி நேரம் அவன் அவளையே துரத்த வேண்டுமென்றால் ஒரு காரணம் வேண்டுமே? லோரி அவனுடைய தங்கை என்று சொல்லிவிட்டார்கள். எழுதியவர்கள் வெளியாட்கள் இல்லை, முதல் பாகத்தை எழுதிய அதே கார்பென்டரும் டெப்ரா ஹில்லும்தான். யார் வீட்டு ஜன்னலுக்குக் கீழேயும் நிற்கக்கூடியவன் அதோடு பங்காளித் தகராறுக்கு வந்தவன் ஆகிவிட்டான். நமக்கென்ன வந்தது என்று நாமும் கொட்டாவி விடலாம். 2018இல் வந்த படம் அந்தத் தங்கை கதையை, யாரோ கட்டிவிட்ட புரளி என்று ஒரே வசனத்தில் தூக்கிப் போட்டது.

நான் இன்று சொல்லப்போவது எல்லாமே இதைச் சுற்றித்தான். முதல் பாகம் எதைச் சொல்லாமல் விட்டதோ அதில்தான் பயம் இருந்தது. அடுத்த பாகம் அதைச் சொல்லியே ஆக வேண்டிய கட்டாயத்தில் பிறக்கிறது. ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்கிறேன்: படம் பார்த்த கையோடு 'க்ளைமாக்ஸ் விளக்கம்' வீடியோக்களைத் தேடாதீர்கள். இரண்டாம் பாகம் செய்யும் கெடுதலைப் பத்தே நிமிடத்தில் இலவசமாகச் செய்துவிடும்.

பாப்கார்ன்: இவ்வளவு யோசிக்கணுமா? காசுக்காக எடுக்கிறாங்க, அதான் சொதப்புது.

பதில்: முதல் பாகத்தையும் காசுக்காகத்தான் எடுத்தார்கள். 'ஹாலோவீன்' சுமார் 3 லட்சம் டாலரில் எடுத்த படம். கடையில் வாங்கிய, 'ஸ்டார் ட்ரெக்' நாயகன் கேப்டன் கிர்க்கின் முகமூடிக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்துத்தான் அந்த முகம் வந்தது. காசு ஆசை நல்ல படத்தைத் தடுப்பதில்லை. அவசரம் தடுக்கும்.

'தி பிளேர் விட்ச் புராஜெக்ட்' 1999 ஜூலையில் வந்தது. சூனியக்காரியைத் தேடிக் காட்டுக்குப் போனவர்களே எடுத்த வீடியோ மாதிரியான படம். அவளைக் கடைசிவரை காட்டவில்லை. ஒருவன் மூலையில் சுவரைப் பார்த்து நிற்கிறான், கேமரா கீழே விழுகிறது, முடிந்தது. 2000 அக்டோபரில் இரண்டாம் பாகம் தியேட்டருக்கு வந்தாயிற்று. இயக்கியவர் ஜோ பெர்லிங்கர், மதிப்புள்ள ஆவணப்பட இயக்குநர். மனிதர்கள் தங்களைத் தாங்களே நம்பவைத்துக்கொள்வதைப் பற்றி ஒரு படம் எடுக்க நினைத்தார். ஸ்டுடியோ அதை வெட்டி ஒட்டி, நடுநடுவே ரத்தக் காட்சிகளைச் செருகியது. ஒன்றுமே காட்டாமல் ஜெயித்த படத்துக்குத் தொடர்ச்சியாகக் குத்து வெட்டு! யோசித்துப் பாருங்கள்.

வடபழனி வாசி: சார், 'சந்திரமுகி' இரண்டாம் பாகம் பற்றி?

பதில்: மேலே முதல் பத்தி. அப்புறம், நான் சார் இல்லை.

கடைசி பெஞ்ச்: 'ஹாலோவீன்' மூன்றாம் பாகத்தில் அந்த முகமூடிக்காரன் மைக்கேல் மையர்ஸே கிடையாதாமே? பெயரை வைத்து ஏமாற்றினார்களா?

பதில்: ஏமாற்றவில்லை, துணிந்தார்கள். இரண்டாம் பாகத்தோடு அவன் கதையை முடித்துவிட்டு, இனி இந்தப் பெயரில் ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் கதை சொல்லலாம் என்பது திட்டம். 1982இல் வந்த மூன்றாம் பாகம் முகமூடி விற்கும் ஒரு கம்பெனியைப் பற்றியது. ஜனங்கள் முகமூடிக்காரனைத் தேடி வந்து கோபமாகத் திரும்பினார்கள். நம் பங்கும் இதில் உண்டு. 'அதே மாதிரி வேண்டும்' என்போம், அதே மாதிரி கொடுத்தால் 'புதுசா ஒண்ணுமில்லை' என்போம். இன்று அந்தப் படத்துக்குத் தனி ரசிகர் கூட்டம் இருக்கிறது. நானும் அதில் சேர்த்தி.

கும்பகோணத்துக்காரி: 'தி எக்ஸார்சிஸ்ட்' பார்த்துவிட்டேன் அக்கா. இரண்டாம் பாகம் பார்க்கலாமா?

பதில்: மூன்றாவதைப் பாருங்கள். காரணம் கொஞ்சம் நீளம்.

1973இல் வந்த முதல் படத்தில் பேயைவிட ஆஸ்பத்திரிதான் அதிகம் பயமுறுத்தும். சிறுமி ரீகனைப் படுக்கவைத்து, கழுத்தில் ஊசி குத்தி, ரத்தம் பீய்ச்சியடிக்க, தலையைச் சுற்றி எந்திரம் தடதடக்க ஒரு பரிசோதனை செய்வார்கள். அதில் பேய் வேலை எதுவுமே இல்லை. தெரிந்த வைத்தியமெல்லாம் தீர்ந்த பிறகு, டாக்டர்களே தயங்கித் தயங்கிப் பேயோட்டுவதைப் பற்றிப் பேச்செடுப்பார்கள். அதற்குள் நாமும் நம்பத் தயாராகியிருப்போம். அந்தப் பேயின் பெயரைக்கூடப் படத்தில் ஒருவரும் சொல்வதில்லை. ஏன் இந்தக் குழந்தை என்பதற்கும் பதில் கிடையாது.

1977இல் வந்த இரண்டாம் பாகத்தில் இயக்குநர் வில்லியம் ஃபிரீட்கினும் இல்லை, கதாசிரியர் வில்லியம் பீட்டர் பிளாட்டியும் இல்லை. ஜான் பூர்மன் இயக்கினார். பேய்க்குப் பசுசு என்று பெயர் சொல்லி, அந்தப் பெயரை வாய் ஓயாமல் கூப்பிடுகிறார்கள். பேய்க்கும் வெட்டுக்கிளிக் கூட்டத்துக்கும் உள்ள உறவை விளக்க ஆப்பிரிக்காவுக்கே கூட்டிப் போகிறார்கள். இரண்டு பேர் தலையில் பட்டை மாட்டிக்கொண்டு, விளக்கு மினுக் மினுக்கென்று எரிய, ஒருவர் மனசுக்குள் இன்னொருவர் இறங்கும் ஒரு எந்திரம் வேறு. நடிகர் ரிச்சர்ட் பர்ட்டன் அந்தப் பட்டையைக் கட்டிக்கொண்டு முகத்தை இறுக்கமாக வைத்திருப்பதைப் பார்க்க வேண்டும். தியேட்டரில் சிரித்தார்கள். வெளியான சில நாட்களிலேயே பூர்மன் படத்தை மறுபடி வெட்டித் திருத்தினார், தேறவில்லை.

பழைய ரீல்: மேடம், மன்னிக்கவும். இது அநியாயம். இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸி இரண்டாம் பாகத்தை முதலாவதைவிட உயர்வாகச் சொன்னவர். விமர்சகர் பாலின் கேலும் அதன் பக்கம்தான் நின்றார். அவர்களுக்குத் தெரியாததா?

பதில்: தெரிந்துதான் சொன்னார்கள். நல்லவர்களைத் தேடித்தான் தீமை வருகிறதா என்ற கேள்வியை அந்தப் படம் கையில் எடுக்கிறது. ஸ்கார்செஸிக்கு அது பிடித்ததில் ஆச்சரியம் இல்லை. மோரிக்கோனின் இசையும் அருமை, ஆப்பிரிக்கக் காட்சிகளின் வெளிச்சமும் அருமை. ஆனால் கேள்வி கேட்டவர் பேய்ப் படம் பார்க்கலாமா என்று கேட்டார். பயம் எங்கே?

பழைய ரீல்: பயமுறுத்துவது மட்டும்தான் அளவுகோலா? முதல் படத்தையே திரும்ப எடுத்திருந்தால் அதையும் திட்டியிருப்பீர்கள். 'ஹாலோவீன்' மூன்றாவது பாகத்தில் தைரியமாக மாற்றினால் பாராட்டு, இங்கே மாற்றினால் சிரிப்பா?

பதில்: சரியான இடத்தில் பிடித்தீர்கள். இதற்குப் பதில் சொல்லாமல் நகர முடியாது, மற்றவர்கள் கொஞ்சம் பொறுக்கவும்.

மாற்றுவது குற்றம் இல்லை. ஜெயித்த இரண்டாம் பாகங்கள் எல்லாமே மாற்றியவைதான். 'ஃபிராங்கன்ஸ்டைன்' எடுத்த ஜேம்ஸ் வேல், 1935இல் 'பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' எடுத்தபோது அந்த அசுரனைப் பேசவைத்தார், சிரிக்கவைத்தார், துணைக்கு ஏங்கி அழவைத்தார். 'ஏலியன்' ஒரு விண்கலத்துக்குள் வேற்றுக்கிரகப் பிராணி பதுங்கும் படம். 1986இல் ஜேம்ஸ் கேமரன் அதைப் போர்ப் படமாக்கினார். 1983இல் வந்த 'சைக்கோ' இரண்டாம் பாகம், 22 வருஷம் கழித்து மனநல ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வரும் கொலைகாரன் நார்மன் பேட்ஸைப் பார்த்து நம்மை ஐயோ பாவம் என்று சொல்லவைத்தது. இவர்கள் பயத்தைக் குறைத்தால் அந்த இடத்தில் வேறு ஒன்றை வைத்தார்கள். ஒருவரிடம் சிரிப்பு, ஒருவரிடம் பரபரப்பு, ஒருவரிடம் இரக்கம். பூர்மன் வைத்தது விளக்கம். பேய் எங்கிருந்து வந்தது, யாரைப் பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்று பாடம். பாடத்தை எவ்வளவு அழகாகப் படம் பிடித்தாலும் பாடம்தான்.

கடைசி பெஞ்ச்: பழைய ரீல் அண்ணே, இரண்டாம் பாகத்தில் ரீகன் ஆடும் அந்த டேப் டான்ஸ் காட்சிக்கும் ஸ்கார்செஸி கைதட்டினாரா?

பழைய ரீல்: தம்பி, கிண்டல் சுலபம். முழுப் படத்தையும் உட்கார்ந்து பார்த்துவிட்டு வா.

பதில்: இருவரும் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள்.

மாயவரம் மணி: மேடம், பேய்ப் படங்களோட இரண்டாம் பாகம் ஏன் நல்லா இருக்கறதில்ல?

பதில்: மேலே.

பிட்ஸ்பர்க் தமிழன்: எங்கள் ஊர்ப் பக்கம் மன்ரோவில் மாலில் எடுத்த படம் பற்றி ஒரு வார்த்தை?

பதில்: ஆஹா. ஜார்ஜ் ரொமேரோவின் 'டான் ஆஃப் தி டெட்', 1978. 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' வந்து 10 வருஷம் கழித்து. முதல் படத்தில் பிணங்கள் ஏன் எழுந்தன என்று சரியாகச் சொல்லவில்லை, இரண்டாவதிலும் சொல்லவில்லை. இடத்தைத்தான் மாற்றினார். பிணங்கள் மாலுக்கு வந்து எஸ்கலேட்டரில் தடுமாறி விழுகின்றன. உயிரோடிருந்தபோது அவர்களுக்கு முக்கியமான இடம் அது, பழக்கத்தில் வருகிறார்கள். உயிரோடு உள்ளே இருப்பவர்களும் கடை கடையாகப் புகுந்து வேண்டியதை அள்ளிக்கொண்டு, வெளியே போக மனசில்லாமல் அங்கேயே குடித்தனம் செய்கிறார்கள். இன்னொரு விஷயம், 10 வருஷம் என்பதால் சொல்வதற்குப் புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது.

திகில் ராணி: 'ஜாஸ்' நாலாவது பாகத்தில் சுறா பழிவாங்குமாமே, நிஜமா?

பதில்: நிஜம். 1987. ஒரு குடும்பத்தைப் பழிவாங்க பஹாமாஸ் வரை நீந்தி வருகிறது. உறுமவும் செய்கிறது. 1975 படத்தில் எந்திரச் சுறா அடிக்கடி பழுதானதால் ஸ்பீல்பெர்க் அதை மறைத்து மறைத்துக் காட்டினார், மிதக்கும் மஞ்சள் பீப்பாய்களைப் பார்த்தே நாம் நடுங்கினோம். நாலாவதில் மறைக்க யாருக்கும் தோன்றவில்லை. மைக்கேல் கெய்ன் இந்தப் படப்பிடிப்பில் மாட்டிக்கொண்டதால், தனக்குக் கிடைத்த ஆஸ்கரை மேடையேறி வாங்க முடியவில்லை.

நள்ளிரவு: ஜப்பானிலும் இதே கதையா?

பதில்: அங்கே இன்னும் வேடிக்கை. 'ரிங்' படமும் அதன் தொடர்ச்சியான 'ராசென்' படமும் 1998இல் ஒரே நாளில் வெளிவந்தன. இயக்குநர்கள் வேறு வேறு. டிவிக்குள்ளிருந்து சடாகோ என்ற பேய்ப்பெண் ஊர்ந்து வருவது முதல் படம். நடிகையைப் பின்னால் நடக்கவிட்டு, படச்சுருளைத் திருப்பி ஓட்டித்தான் அந்த முறுக்கலான நடையைக் கொண்டுவந்தார்கள். இரண்டாவது படம் எல்லாவற்றுக்கும் வைரஸ் என்று விஞ்ஞான விளக்கம் கொடுத்தது. ஜனங்கள் முதலாவதைக் கொண்டாடிவிட்டு அடுத்ததைக் கண்டுகொள்ளவே இல்லை. மறு வருஷம் அதை நடக்காத மாதிரி ஒதுக்கிவிட்டு 'ரிங் 2' எடுத்தார்கள். விளக்க வீடியோ பற்றி நான் சொன்னது ஞாபகம் இருக்கட்டும்.

அம்மாபேட்டை: என் பையனுக்கு 11 வயசு. 'எக்ஸார்சிஸ்ட்' காட்டலாமா?

பதில்: வேண்டாம்.

சினிமா பைத்தியம்: இரண்டாம் பாகம்னாலே ஏன்...

பதில்: மேலே, மேலே, மேலே.

கும்பகோணத்துக்காரி: அக்கா, 2023இல் ஒரு 'எக்ஸார்சிஸ்ட்' வந்ததே?

பதில்: 'பிலீவர்'. தொடர் உரிமைக்குச் சுமார் 40 கோடி டாலர் கொடுத்தார்கள். ஒரு சிறுமிக்குப் பதில் இரண்டு சிறுமிகளுக்குப் பேய் பிடிக்கிறது, இரண்டு பாதிரியார்களுக்குப் பதில் பல மதத்தார் ஓட்டுகிறார்கள். எண்ணிக்கையைக் கூட்டினால் பயம் கூடாது. முதல் படத்தில் ரீகனின் அம்மாவாக நடித்த எல்லன் பர்ஸ்டினை 50 வருஷம் கழித்துத் திரும்பக் கூட்டிவந்து, அவர் கண்ணைக் குத்திப் படுக்கவைத்தது மட்டும்தான் எனக்குக் கோபம்.

பழைய ரீல்: கடைசியாக ஒன்று மேடம். நீங்கள் தூக்கிப் பிடிக்கும் மூன்றாம் பாகத்தின் க்ளைமாக்ஸிலும் பேயோட்டும் காட்சி ஒட்டுப்போட்டதுதானே?

பதில்: ஆமாம், ஒட்டுதான். 1990இல் பிளாட்டி தன்னுடைய 'லீஜியன்' நாவலைத் தானே இயக்கினார். அவர் எடுத்ததில் பேயோட்டுதலே இல்லை. பெயரில் 'எக்ஸார்சிஸ்ட்' இருக்கிறதே, ஓட்டாமல் எப்படி என்று தயாரிப்புத் தரப்பு பிடிவாதம் பிடிக்க, புதிதாக ஒரு பாதிரியாரைப் புகுத்தி முடிவை மாற்றினார்கள். துருத்திக்கொண்டு நிற்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே படத்தில் ஆஸ்பத்திரி நடைபாதைக் காட்சி இருக்கிறது. நடைபாதையின் கோடியில் கேமரா அசையாமல் நிற்கிறது. நர்ஸ் ஓர் அறைக்குள் போகிறாள், வருகிறாள். காவலர் நகர்ந்து போகிறார். ஒன்றுமே நடப்பதில்லை. நமக்கே அலுத்துப்போகும் நேரத்தில், கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி நடப்பவளுக்குப் பின்னால் வெள்ளைத் துணி போர்த்திய உருவம், கையில் பெரிய கத்தரிக்கோல். யார், ஏன், எப்படி உள்ளே வந்தது, அந்தக் காட்சியில் எதுவும் சொல்வதில்லை. உங்கள் இரண்டாம் பாகத்தில் இப்படி ஒரு இடத்தைக் காட்டுங்கள், ஸ்கார்செஸியோடு சேர்ந்து நானும் கைதட்டுகிறேன்.

பிளாட்டி நினைத்த வடிவத்துக்கு நெருக்கமான ஒன்று 2016இல் டிஸ்க்காக வந்திருக்கிறது, கிடைத்தால் அதையும் பாருங்கள். மூலப் படச்சுருள் கிடைக்காததால் பல காட்சிகளைப் பழைய வீடியோ டேப்பிலிருந்து எடுத்துச் சேர்த்திருக்கிறார்கள். நடுவே படம் திடீரென்று மங்கும். டிவி போச்சு என்று ரிமோட்டைத் தட்டாதீர்கள்.