நியான்சாவில் முன்தோல் நீக்கம்: கேள்வி பதில்

மேற்குக் கென்யாவின் நியான்சா பகுதியில், விக்டோரியா ஏரிக்கரையில் வாழும் லுவோ மக்களிடையே எச்.ஐ.வி. தடுப்புக்காக ஆண்களுக்கு முன்தோல் நீக்கம் செய்யும் திட்டம் 2008-இல் தொடங்கியது. அதைப் பற்றி வாசகர்கள் கேட்டவை இங்கே.

கென்யாவில் பெரும்பாலான இனத்தவர் செய்கிறார்கள். லுவோக்களிடம் ஏன் அந்த வழக்கம் இல்லை?

கிகூயூ, கலெஞ்சின், புகூசு மக்களுக்கு அது பையனை ஆணாக்கும் சடங்கு. லுவோக்களிடம் அந்தச் சடங்கின் இடத்தில் வேறொன்று இருந்தது: கீழ்வரிசையின் ஆறு பற்களைப் பிடுங்குவது. ஆக, 'வெட்டாதவன்' என்றால் 'இன்னும் சிறுபிள்ளை' என்று அக்கம்பக்கத்து இனத்தவர் ஏளனம் செய்தார்கள். லுவோ தலைவர்களுக்கு எதிராக அரசியல் மேடைகளிலும் அந்த வசை ஒலித்தது. 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பிந்தைய கலவரத்தில் லுவோ ஆண்கள் சிலரைப் பிடித்து வலுக்கட்டாயமாக வெட்டிய கொடுமையும் நடந்தது. அந்தக் காயம் ஆறும் முன்பே சுகாதாரத் துறை இதே அறுவையோடு அவர்களிடம் போக வேண்டியிருந்தது. இதை மறந்துவிட்டு அவர்களின் தயக்கத்தை 'அறியாமை' என்று சொல்வது பெரிய அநியாயம்.

பிறகு எப்படிச் சம்மதித்தார்கள்?

சுகாதாரத் துறையினர் லுவோ மூத்தோர் அவையோடு பலமுறை உட்கார்ந்து பேசினார்கள். 'இது எங்கள் வழக்கம் அல்ல, வழக்கமாகவும் ஆகாது. மருத்துவம் என்றால் விரும்புகிறவர் செய்துகொள்ளட்டும்' என்ற இடத்துக்குப் பேச்சு வந்து சேர்ந்தது. அப்போதைய பிரதமரும் லுவோ தலைவருமான ரைலா ஒடிங்கா வெளிப்படையாக ஆதரித்தார். சடங்கு, ஆண்மை என்ற சொற்களையே தொடாமல், நோய்த்தடுப்பு என்று மட்டும் பேசியதுதான் திட்டத்தைக் காப்பாற்றியது. மருத்துவர்கள் போதாததால் பயிற்சி பெற்ற செவிலியர்களும் அறுவை செய்ய அனுமதி கிடைத்தது. 2009 இறுதியில் 30 வேலை நாட்களில் 36,000-க்கும் மேற்பட்டவர்களுக்குச் செய்தார்கள். நியான்சாவில் முன்தோல் நீக்கிய ஆண்கள் 2007-இல் சுமார் 48 சதவீதம், 2012-இல் 66.

'60 சதவீதப் பாதுகாப்பு' என்றால் என்ன பொருள்?

நியான்சாவின் கிசுமு நகரில் 18 முதல் 24 வயது வரையுள்ள 2,784 பேரிடம் நடந்த ஆய்வைப் பாருங்கள். இரண்டு ஆண்டுகளில், செய்துகொள்ளாத 100 பேரில் ஏறக்குறைய 4 பேருக்கு எச்.ஐ.வி. வந்தது, செய்துகொண்டவர்களில் 2 பேருக்கு. தென்னாப்பிரிக்காவின் ஆரஞ்சு ஃபார்ம், உகாண்டாவின் ரகாய் ஆய்வுகளும் இதை ஒட்டியே முடிந்தன. 2007-இல் உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரைத்தது. ஆக, 60 சதவீதம் என்று சொன்னாலும் கிடைப்பது பாதியோ, அதற்குச் சற்று மேலோ ஆன பாதுகாப்புதான், அதுவும் பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்றுவதில்தான். முன்தோலின் உட்புறம் மெல்லியது, உறவின்போது எளிதில் கீறும். வைரஸ் பற்றிக்கொள்ளும் செல்கள் அங்கே மேலோட்டமாகவே இருக்கின்றன. அந்தத் தோல் போனால் வாசல் குறுகும், மூடிவிடாது.

நான் செவிலியர் பயிற்சியில் இருக்கிறேன். அறுவையிலும் அதற்குப் பிறகும் எங்கே தவறு நடக்கிறது?

முதல் தவறு, உறுப்பைச் சரியாகப் பார்க்காமலே தொடங்குவது. சிறுநீர்த் துவாரம் அடிப்பக்கத்தில் இருந்தால் அறுவை கூடாது. பின்னால் அதைச் சரிசெய்ய அந்தத் தோல் வேண்டும். மரப்பு மருந்து அட்ரினலின் கலக்காத 1 சதவீத லிக்னோகைன். உச்ச அளவு எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம், அதாவது 60 கிலோ ஆளுக்கு 180 மில்லிகிராம், இந்த 1 சதவீத மருந்தில் 18 மி.லி. ஊசி போட்டதும் கத்தியை எடுக்காதீர்கள், சில நிமிடம் பொறுத்து உணர்ச்சியைச் சோதியுங்கள்.

இரத்தக்கசிவு பெரும்பாலும் அடிப்பக்கத்தில், தோல்மடிப்பு ஒட்டியிருக்கும் இடத்திலுள்ள சிறு தமனியிலிருந்து வரும். அங்கே கிடைமட்ட மெத்தைத் தையல் போடுவது அதற்காகத்தான். கண்ணை மூடிக்கொண்டு ஆழமாகத் தைத்தால் சிறுநீர்க்குழாயில் ஊசி ஏறிவிடும். 15 வயதுக்குக் குறைந்தவர்களிடம் இடுக்கிப் பிடித்து வெட்டும் முறை வேண்டாம். மொட்டுப் பகுதி மாட்டிக்கொண்டு சேதமான நேர்வுகள் உண்டு.

காயத்தில் போட்ட கட்டை 48 மணி நேரத்துக்குள் பிரித்துவிட வேண்டும். ஏழாம் நாள் மறுபடி பார்க்க வேண்டும். நாட்டு மருந்து, சாம்பல், சாணம் எதுவும் காயத்தில் படக்கூடாது. டெட்டனஸ் தடுப்பூசியைக் கேட்டு உறுதி செய்யுங்கள். இரவில் விறைப்பு வந்து தையல் இழுக்கும். படுக்கும் முன் சிறுநீர் கழித்தால் ஓரளவு குறையும்.

ஆறு வாரம் உறவு கூடாது, சுய இன்பமும் கூடாது. இதைத்தான் அதிகம் மீறுகிறார்கள். நியான்சாவில் சுமார் 30 சதவீதம் பேர் ஆறு வாரத்துக்குள் உறவு கொண்டதாக ஓர் ஆய்வு கண்டது. மேலே ஆறினது போலத் தெரியும், உள்ளே புண் இருக்கும். அந்த நேரத்தில் தொற்று இன்னும் எளிது.

கணவர் செய்துகொண்டால் மனைவிக்குப் பாதுகாப்பா?

நேரடியாக இல்லை, அம்மா. ரகாயில் ஏற்கெனவே எச்.ஐ.வி. உள்ள ஆண்களுக்குச் செய்து பார்த்தார்கள். செய்துகொண்டவர்களின் துணைவியரில் 18 சதவீதம் பேருக்கும், செய்யாதவர்களின் துணைவியரில் 12 சதவீதம் பேருக்கும் தொற்றியது. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடிய அளவுதான். ஆனால் பெண்ணுக்கு நன்மை இல்லை என்பது தெளிவு. காயம் ஆறும் முன் உறவு கொண்ட தம்பதியரிடம் தொற்று கூடுதலாக இருந்தது. இருவரும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், ஆணுறையை விடாதீர்கள்.

இளைஞர்கள் வருகிறார்கள், 25 வயதைத் தாண்டியவர்கள் வருவதில்லையாமே?

மீனவரும், மிதிவண்டி, பைக் டாக்சி ஓட்டுகிறவரும் சில நாள் வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. பள்ளிப் பையன்களோடு வரிசையில் நிற்கவும், இளம் பெண் செவிலியர் முன் ஆடை களையவும் கூச்சம் வேறு. 25 முதல் 49 வயது வரையுள்ள ஆண்களிடம், செய்துகொண்டால் உணவுச் சீட்டு தருவதாகச் சொல்லிப் பார்த்தார்கள். சீட்டு இல்லாதவர்களில் இரண்டு மாதத்தில் வந்தது 1.6 சதவீதம். 200 ஷில்லிங் சீட்டுக்குப் பெரிய மாற்றம் இல்லை. 700-க்கு 6.6, 1,200-க்கு 9 சதவீதம். இழந்த கூலியை ஈடுகட்டும் அளவு வந்த பிறகே கால் நகர்ந்தது.

சடங்கு முறையில் வெட்டினாலும் இதே பலன் கிடைக்காதா?

தோல் முழுதும் நீங்கினால் கிடைக்கலாம். ஆபத்துதான் அதிகம். புகூசு மக்கள் வாழும் புங்கோமாவில் நடந்த ஆய்வில் சடங்கு வெட்டில் 35 சதவீதம் பேருக்குச் சிக்கல். மருத்துவமனையிலும் 18 சதவீதம்! பயிற்சியும் கருவியும் இல்லாவிட்டால் வெள்ளைக்கோட்டும் காப்பாற்றாது. பயிற்சி பெற்ற குழு செய்த கிசுமு ஆய்வில் அது 1.5 சதவீதம்.

எனக்குச் சிறுவயதிலேயே மார்க்கக் கல்யாணம் (சுன்னத்) ஆகிவிட்டது. ஆணுறை தேவையில்லைதானே?

தேவை. பாதி ஆபத்து இன்னும் இருக்கிறது.

தமிழ்நாட்டில் எச்.ஐ.வி.க்காக இதைச் செய்துகொள்ளலாமா?

தொற்று பொதுமக்களிடையே பரவலாக இருக்கும் கிழக்கு, தென் ஆப்பிரிக்க நாடுகளுக்குத்தான் உலக சுகாதார நிறுவனத்தின் அந்தப் பரிந்துரை. இந்தியா அதில் இல்லை. முன்தோல் இறுக்கம் போன்ற பிரச்சினை இருந்தால் அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள், அது வேறு கணக்கு.