பழைய காரின் வீல் சிலிண்டர் கசிகிறது: ரப்பரை மட்டும் மாற்றினால் போதுமா?

வீல் சிலிண்டர் என்பது பிரேக் ஆயிலின் அழுத்தத்தில் பிரேக் ஷூவைத் தள்ளும் சிறு உருளை. ரப்பர் மட்டும் போதுமா என்பதை முடிவு செய்வது அதன் உட்சுவர்தான். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும்; வருடக்கணக்கில் நின்ற வண்டியில் அந்த ஈரம் உள்ளே துருப்பிடிக்க வைத்துக் குழிகளை உண்டாக்கும். பிஸ்டனைக் கழற்றி, துடைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். வெறும் கறை என்றால் லேசாக ஹோன் செய்து (உட்சுவரைத் தேய்த்து வழுவழுப்பாக்கி) புது ரப்பர் கப் போடலாம். நகத்தில் தட்டுப்படும் குழி இருந்தால் புது ரப்பரும் சீக்கிரம் கசியும், சிலிண்டரையே மாற்றுங்கள். கிடைக்காத மாடலா? சிலிண்டருக்குள் பித்தளை ஸ்லீவ் (உள்ளுறைக் குழாய்) போட்டுத் தரும் பட்டறையைத் தேடுங்கள்.

ரப்பரைப் பெட்ரோலில் கழுவவே கூடாது, ஊதிவிடும். ஆயில் ஊறிய பிரேக் ஷூவை இரண்டு பக்கமும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அப்புறம் பிரேக் குழாயிலுள்ள காற்றை வெளியேற்றி, பெடல் கெட்டியான பிறகே ஓட்டுங்கள்.