மகள் ஃபேண்டஸி நாவல் எழுதப் போகிறாளாம்: ஒரு தாய்க்குப் பதில்

அம்மா, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் முக்கியமாக மூன்று கேள்விகள் இருந்தன. பிளஸ் டூ படிக்கும் மகள் இன்ஜினீயரிங் வேண்டாம், ஃபேண்டஸி நாவல்தான், அதாவது மாயாஜாலக் கற்பனைக் கதைதான் எழுதுவேன் என்கிறாளே, இதில் சோறு கிடைக்குமா? கல்யாணம், குழந்தை என்று வந்த பிறகும் எழுத முடியுமா? தன் தொடர்கதையை வெளியிடும் செயலியில் இரவு ஒரு மணி வரை வாசகர்களுக்குப் பதில் போட்டுக்கொண்டிருக்கிறாள், போனைப் பிடுங்கிவிடலாமா? இவை உங்களுடையவை. "கதை எழுதி எவன் பிழைத்தான்?" என்று அவள் அப்பா கேட்டதையும் எழுதியிருந்தீர்கள். முதலில் அதற்கே வருகிறேன்.

பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். எப்படிப் பிழைத்தார்கள் என்பதுதான் வீட்டில் பேச வேண்டிய விஷயம்.

மகளிடம் பிராண்டன் சாண்டர்சன் என்று சொல்லிப் பாருங்கள், உடனே முகம் மலரும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருந்துகொண்டு ஃபேண்டஸி நாவல்கள் எழுதுகிறவர். 2022 மார்ச்சில், தன் சொந்த நிறுவனத்தின் வழியாக வெளியிடப்போகும் நான்கு நாவல்களுக்குக் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் வாசகர்களிடமே முன்பணம் கேட்டார். 1,85,000-க்கும் அதிகமானவர்கள் சேர்ந்து 4 கோடி டாலருக்கு மேல் கொடுத்தார்கள். உங்கள் மகளின் கண்ணில் பட்டிருப்பது இந்தத் தொகைதான். நீங்கள் பார்க்க வேண்டியது அவருடைய முதல் புத்தகம் வருவதற்கு முந்தைய பத்துப் பதினோரு வருடங்களை. 1994-ல் கல்லூரியில் சேர்ந்தபோது அவர் எடுத்த பாடம் உயிர்வேதியியல். பிறகுதான் ஆங்கிலத்துக்கு மாறினார். செலவுக்கு ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் இரவு ஷிப்ட் பார்த்தார். நள்ளிரவுக்கு மேல் அங்கே யாரும் வரமாட்டார்கள், உட்கார்ந்து எழுதலாம். அந்த வேலை அவருக்குப் பொருந்தியதே அதனால்தான். ஒரு நாவல் விலைபோவதற்குள் ஏறக்குறைய ஒரு டஜன் நாவல்களை எழுதி முடித்திருந்தார். 2005-ல் முதலில் அச்சான புத்தகம், அவர் எழுதிய வரிசையில் ஆறாவது.

நீங்கள் மகளின் கதையில் மூன்று அத்தியாயங்களை அனுப்பி, இவளுக்குத் திறமை இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். நன்றாகத்தான் எழுதுகிறாள். ஆனால் பதினேழு வயதில் நன்றாக எழுதுகிற பிள்ளைகள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. என் கேள்வி வேறு. இதுவரை அவள் தொடங்கிய கதைகள் எத்தனை, முடித்தவை எத்தனை? முடித்தது ஒன்றுகூட இல்லை என்றால் பதற வேண்டாம், வயது இருக்கிறது. ஆனால் இந்தத் தொழிலுக்கு அவள் தயாரா என்று அளக்க என்னிடம் இருக்கும் ஒரே கோல் இதுதான். ஒரு சிறுகதையாவது, நோஞ்சானாகவாவது, கடைசி வரி வரை போயிருக்க வேண்டும்.

அடுத்து, பணம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். புத்தகத்தின் விலை 300 ரூபாய், ராயல்டி, அதாவது விற்கும் பிரதிக்கு எழுத்தாளருக்குக் கிடைக்கும் பங்கு, 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிரதிக்கு 30 ரூபாய். 2,000 பிரதிகள் விற்றால் 60,000 ரூபாய். புது எழுத்தாளருக்கு 2,000 என்பது நல்ல விற்பனை. ஒரு ஃபேண்டஸி நாவலை எழுதித் திருத்தி முடிக்க இரண்டு வருடம் ஆகலாம். அந்த 60,000-ஐ 24 மாதங்களுக்குப் பிரித்தால் மாதத்துக்கு 2,500 ரூபாய். அவள் அப்பாவின் கேள்வியில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

அதனால்தான் இந்தத் துறையில் நிலைத்தவர்களில் பலர் ஆரம்பத்தில் இன்னொரு சம்பளத்தில் இருந்தார்கள். பிரிட்டனின் ஃபேண்டஸி எழுத்தாளர் டெர்ரி பிராட்செட் 1987 வரை அந்த நாட்டு மின்வாரியத்தில் மக்கள் தொடர்பு அலுவலர். நம்ம ஊர் ஈ.பி. ஆபீஸ் மாதிரிதான். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, இரவில் 400 சொற்கள் எழுதுவார். அன்றைய 300 சொற்களோடு ஒரு நாவல் முடிந்துவிட்ட இரவில், மீதி 100 சொற்களுக்காக அடுத்த நாவலைத் தொடங்கினார் என்று சொல்வார்கள். 400 பெரிய எண் இல்லை. ஆனால் ஒரு நாளும் விடாமல் எழுதினால் வருடத்துக்கு 1,46,000 சொற்கள், தாராளமாக ஒரு நாவல் அதில் அடங்கிவிடும். நம் நாட்டில் அமிஷ் திரிபாதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.ஐ.எம். கொல்கத்தாவில் படித்தவர், வங்கி, காப்பீடு என்று 14 வருடங்கள் வேலை பார்த்தவர். பதிப்பகங்கள் வரிசையாகத் திருப்பி அனுப்பிய அவருடைய முதல் புத்தகம் 2010-ல் வந்தபோதும் வேலையை விடவில்லை. ராயல்டி காசோலை சம்பளத்தைத் தாண்டிய பிறகுதான் ராஜினாமா செய்தேன் என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

ஆக, நாவலா வேலையா என்று நீங்கள் இருவரும் சண்டை போட வேண்டியதில்லை. எந்த வேலை என்பதைத்தான் யோசிக்க வேண்டும். எழுதப் பிடித்த பிள்ளைக்கு எல்லோரும் உடனே கன்டென்ட் ரைட்டிங், விளம்பர வாசகம் என்று கைகாட்டுவார்கள். எனக்கு அதில் தயக்கம் உண்டு. பகல் முழுக்க மெத்தைக்கும் மிக்ஸிக்கும் வர்ணனை எழுதிவிட்டு இரவில் தன் கதைக்கு உட்காரும்போது, சொல் வற்றிப்போயிருக்கும். அதோடு, அந்த வேலைகளைத்தான் செயற்கை நுண்ணறிவு இப்போது முதலில் அரித்துக்கொண்டிருக்கிறது. இவளுக்கு நான் தேடுவது, மாலையில் கதவைச் சாத்திவிட்டு வரக்கூடிய வேலை. பட்டம் முடித்துவிட்டு டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 எழுதலாம். குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பே போதும். நூலக அறிவியல் படித்து நூலகத்தில் சேரலாம். பி.எட். முடித்து ஆசிரியையாகப் போனால் கோடை விடுமுறை கிடைக்கும், ஆனால் விடைத்தாள் கட்டும் கூடவே வீட்டுக்கு வரும், அதையும் யோசித்துக்கொள்ளட்டும். சாஃப்ட்வேரில் சம்பளம் கூடுதல்தான். இரவு பத்து மணிக்கும் அழைப்பு வருகிற குழுவில் மாட்டினால் எழுத்து நின்றுபோகும், அப்படி இல்லாத இடங்களும் உண்டு. நேர்முகத் தேர்வில் வேலை நேரத்தைக் கேட்கத் தயங்கக் கூடாது.

படிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கணக்கு வராது என்றில்லை, பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பிடிக்காததை நான்கு வருடம் கட்டிவைத்தால் அரியரும் சேரும், எழுத்தும் போகும். பி.ஏ. ஆங்கிலம் தாராளமாகப் போடலாம். உள்ளூர் அரசு கலைக் கல்லூரி போதும். வெளியே அனுப்பத் தயார் என்றால் ஹைதராபாத்தில் உள்ள ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகத்தையும் பாருங்கள். நாவல் எழுதக் கற்றுத்தருகிறோம் என்று பல ஆயிரம் வாங்கும் ஆன்லைன் வகுப்புகள் வேண்டாம். சாண்டர்சன் தன் பல்கலைக்கழகத்தில் எடுக்கும் வகுப்புகளே முழுசாக யூடியூபில் இலவசமாகக் கிடக்கின்றன.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, கல்யாணம், குழந்தைக்குப் பிறகும் எழுத முடியுமா என்பது. ஃபேண்டஸி எழுத்தாளர் உர்சுலா லெ குவின், அமெரிக்காவின் போர்ட்லாந்தில் மூன்று பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே எழுதியவர். குழந்தைகள் தூங்கிய பிறகுதான் அவருடைய எழுத்து நேரம். ஒரு ஆளால் இரண்டு முழுநேர வேலைகளைச் செய்ய முடியாது, ஆனால் நேர்மையாகப் பகிர்ந்துகொண்டால் இரண்டு பேரால் மூன்று வேலைகளைச் செய்ய முடியும் என்ற பொருளில் அவர் எழுதியிருக்கிறார். கணவர் வரலாற்றுப் பேராசிரியர், வீட்டுப் பொறுப்பில் பங்கெடுத்தவர். சாண்டர்சன் வீட்டில் வேறு மாதிரி. பிற்பகலில் ஒரு அமர்வு எழுதுவார். மாலையில் மனைவியோடும் மூன்று மகன்களோடும் இருப்பார், அப்போது எழுத்து கிடையாது. பிள்ளைகள் தூங்கப் போனதும் நள்ளிரவு தாண்டியும் நீளும் இன்னொரு அமர்வு. அவர் மனைவி ஆசிரியையாக இருந்தவர், இப்போது அவர்களுடைய நிறுவனத்தை அவரும் சேர்ந்து நடத்துகிறார்.

கல்யாணத்துக்குப் பிறகு முடியுமா என்ற உங்கள் கேள்விக்கு, யாரைக் கல்யாணம் செய்கிறாள் என்பதில்தான் பாதிப் பதில் இருக்கிறது. அது ஏழெட்டு வருடம் தள்ளி வரும் விஷயம். ஆனால் அதற்கான பழக்கம் உங்கள் வீட்டிலேயே தொடங்குகிறது. அவள் எழுத உட்கார்ந்திருக்கும் ஒரு மணி நேரத்தில், சும்மாதானே இருக்கிறாய், பால் வாங்கி வா என்று அனுப்பாமல் இருங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்காரும்போது அவள் போனை அறையில் வைத்துவிட்டு வரட்டும். இரண்டும் சேர்ந்துதான் ஒப்பந்தம். தன் எழுத்து நேரத்தை வீடு மதித்துப் பழகிய பெண், நாளைக்கு இன்னொரு வீட்டிலும் அதைக் கேட்டு வாங்குவாள்.

அப்புறம் போன் விஷயம். உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையிலேயே கவலை தந்தது இதுதான். போனைப் பிடுங்காதீர்கள். ஆனால் இப்போது நடப்பது அப்படியே தொடரவும் கூடாது.

வாரம் ஒரு அத்தியாயம் போடுகிறாள், கீழே அன்பும் அதட்டலும் குவிகின்றன. "அடுத்தது எப்போ?", "அந்த இளவரசனைக் கொன்றுவிடாதீர்கள் அக்கா!" பதினேழு வயதுக்கு இது பெரிய போதை. முன்பின் தெரியாத ஆயிரம் பேர் தனக்காகக் காத்திருக்கிறார்கள் என்பது அவள் அப்பா இதுவரை கொடுக்காத மரியாதை. ஆனால் கதை கருத்துப் பெட்டியின் சொல்பேச்சு கேட்கத் தொடங்கும்போது அது அவள் கதையாக இருக்காது. பெரிய எழுத்தாளர்களையே வாசகர்களின் இந்த நெருக்குதல் விடவில்லை. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கதையை எழுதிய ஜார்ஜ் மார்ட்டினின் நாவல் தொடரில் ஐந்தாம் பாகம் 2011-ல் வந்தது. ஆறாவது இன்னும் வரவில்லை. அந்தக் கதையை வைத்து எடுத்த தொலைக்காட்சித் தொடரே 2019-ல் முடிந்துவிட்டது. இத்தனை வருடங்களாக வாசகர்கள் அவரைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். காசு கொடுத்து முதல் ஐந்து பாகம் வாங்கியவனுக்குக் கேட்க உரிமை இல்லையா என்று ஒரு தரப்பு. அவர் ஒன்றும் நம் கூலிக்காரர் இல்லை என்று இன்னொரு தரப்பு. எனக்கு இரண்டாவது தரப்பின் மேல்தான் சாய்வு. இருந்தாலும் முதல் தரப்பின் ஏமாற்றம் பொய்யில்லை.

சாண்டர்சன் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். எழுதிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு புத்தகமும் எத்தனை சதவீதம் முடிந்திருக்கிறது என்று தன் இணையதளத்தில் காட்டிவிடுகிறார். வருடக் கடைசியில் எது எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு நீண்ட அறிக்கை எழுதுகிறார். ஆளாளுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லும் சுமை அதில் பெருமளவு குறைந்துவிடுகிறது.

உங்கள் மகளுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது உண்டு. நடந்துகொண்டிருக்கும் தொடருக்குத் தேர்வு முடியும்வரை இடைவேளை என்று ஒரு அறிவிப்பு போடட்டும், வாசகர்கள் கோபித்துக்கொள்ளமாட்டார்கள், அவர்களிலும் பாதிப் பேர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தான். அடுத்த கதையை முழுசாக எழுதி முடித்து, கையில் வைத்துக்கொண்டு, பிறகு வாரம் ஒன்றாக வெளியிடட்டும். கருத்துகளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் போதும். புனைபெயரில் எழுதட்டும், பள்ளியின் பெயர், யூனிஃபார்ம் போட்ட படம், ஊர் எதுவும் வேண்டாம். தனியாகச் செய்தி அனுப்பி நேரில் சந்திக்கலாம் என்று கேட்கும் ரசிகர் யாராக இருந்தாலும் உங்களிடம் சொல்ல வேண்டும். போனைப் பிடுங்குகிற வீட்டில் பிள்ளைகள் இதைச் சொல்லமாட்டார்கள். அதற்காகவும்தான் வேண்டாம் என்கிறேன்.

கையெழுத்து விஷயம் ஒன்று. அவளுக்கு 18 முடியவில்லை, அவள் போடும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. செயலியோ பதிப்பகமோ ஏதாவது நீட்டினால் பெற்றோர்தான் படித்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில், உரிமையை எழுதிக்கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றுதான் கொள்ளப்படும். அதனால் சாமர்த்தியமான ஒப்பந்தங்களில் "நிரந்தரமாக", "உலகம் முழுவதும்" என்ற சொற்கள் தவறாமல் இருக்கும். சினிமா, வெப் சீரிஸ் உரிமையையும் அதே தாளில் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். புத்தகம் போட உங்களிடமே 40,000 கொடுங்கள் என்று கேட்டால், அவர் அச்சுச் சேவை விற்பவர்; பதிப்பாளர் என்று நினைத்துப் பணம் கட்டிவிடாதீர்கள்.

இப்போதைக்குப் பொதுத்தேர்வு வரை தினமும் அரை மணி நேரம் எழுதட்டும், அதை யாரும் தொட வேண்டாம். தேர்வு முடிந்த பிறகு, ரிசல்ட் வருவதற்குள் ஒரு சிறிய கதையையாவது முடித்திருக்க வேண்டும் என்று அவளிடம் சொல்லுங்கள். கல்லூரி விண்ணப்பம் போடும் முன் மூன்று பேருமாக ஒரு சனிக்கிழமை வாருங்கள். அவள் அப்பா அந்த 60,000 ரூபாய்க் கணக்கைப் பற்றி என்ன கேட்டாலும் அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்து பேசுவோம்.